சைக்ளோன் ரே, 129 கிலோ

ஐஸ் பாளத்தை உடைத்துக்கொண்டிருந்தோம்.
ரெமிஜியஸ் போனைப் பார்த்துவிட்டு
'டேய், திருக்கை செத்துட்டான்' என்றான்.
எந்தத் திருக்கை என்று யாரும் கேட்கவில்லை.
இன்னாசி மட்டும் கட்டையைக் கீழே வைத்தான்.

கீழக்கரையிலிருந்து ஜுலைகா அனுப்பிய செய்தி.
வயது அறுபத்திரண்டு, இரண்டு முட்டியும் மாற்றியாயிற்றாம்,
கடைசியில் பழைய கார் விற்றானாம்.

ரே என்றால் திருக்கை என்று
ஏழாம் வகுப்பில் அகராதி பார்த்துச் சொன்னதே அவள்தான்.
அன்றிலிருந்து சைக்ளோன் ரே மண்டபத்துக்காரன்.
பிக் மேசன் கொத்தனார் ஆனான்.
பூண் போட்ட கைத்தடியோடு வரும் லார்ட் பெம்பர்டன்
எங்கள் வாய்க்குள் நுழையாமல் பெம்புட்டான் ஆனான்.
மீன் ஏலம் விடும் ஒருவருக்கு
இன்னும் அந்தப் பட்டம் இருக்கிறது,
ஏனென்று அவருக்குத் தெரியாது.

சீட்டுக்கட்டில் ரேயின் எடை நூற்று இருபத்தொன்பது,
பைசெப்ஸ் இருபத்திரண்டு, ரேங்க் ஏழு.
ரேங்க் கேட்டால் தோற்போம், எடை கேட்டால் பிழைப்போம்.
ஜுலைகா மார்பளவு என்று சொல்லமாட்டாள்,
'மூணாவது வரி' என்பாள்.
மூணாவது வரியிலேயே
எங்கள் சீட்டையெல்லாம் வழித்துக்கொண்டு போவாள்.

சனி இரவு. அவள் வாப்பா
கேபிள் சீனி இபுராம்சா வீட்டு முன்னறை,
தலைக்கு ஒரு ரூபாய்.
ஏணிச் சண்டை.
பெம்புட்டான் மேசைமேல் மல்லாந்து கிடக்கிறான்.
ரே உச்சிப்படியில் நின்று
இரண்டு கைகளையும் செட்டையாய் விரிக்கிறான்.
குதித்தான்.
கரண்ட் போனது.

எங்கோ கம்பி அறுந்து மூன்று நாள் வரவில்லை.
அடுத்த சனி நானும் இன்னாசியும் ரெமிஜியஸும்
அரைப்பங்குக்கு ஆளாகிக் கடலில் கிடந்தோம்.
பள்ளிக்கூடம் அப்படியே முடிந்தது.

ஜெயித்தானா?
ஜெயித்தான் என்றே வைத்துக்கொண்டோம்.
ரே மாதிரி ஜெட்டியிலிருந்து குதித்த அமலதாஸ்
வத்தம் என்று பார்க்கவில்லை.
இப்போதும் அவன் மடி இழுக்கையில்
தோளுக்குள் டக்கென்று ஒரு சத்தம் கேட்கும்.

போனில் தேடினால் ஒரு நிமிட வேலை.
யாரும் தேடவில்லை.

வவுனியா சிறையில் நாற்பத்தொரு நாள்.
பீடிக்கட்டு அட்டையைக் கிழித்து, கரித்துண்டால் எழுதி
ஞாபகத்திலிருந்தே சீட்டுக்கட்டு செய்தான் ரெமிஜியஸ்.
கொத்தனாரின் உயரத்தில் தகராறு.
கம்பிக்கு வெளியே நின்ற காவலாளி
விரல்களால் காட்டினான்: ஆறடி, ஒன்பது அங்குலம்.
சிங்களம்தான் பேசுவான்.
பெம்பர்டன் என்பதை எங்களைவிடச் சுத்தமாகச் சொன்னான்.

இன்னாசி எழுந்தான்.
இரண்டு கைகளையும் விரித்து
அப்படியே நின்றான், அப்புறம் என்ன என்பதுபோல.

காவலாளி லத்தியைச் சுவரில் சாய்த்தான்.
ஒரு கையை மல்லாத்தினான், அது பெம்புட்டான்.
மறுகை மேலேயிருந்து வந்தது.
கடைசி நொடியில் கீழ்க்கை உருண்டு விலகிக்கொண்டது.
மேல்கை தொடையில் விழுந்து
வெகுநேரம் எழவில்லை.
மாத்தறையிலோ எங்கேயோ, அவன் ஊரில்
அன்றைக்குக் கரண்ட் போகவில்லை.

'எல்லாம் நடிப்பாம்ல?' என்கிறான்
ஐஸ் சுமக்க வந்த பையன்.
'விழுந்ததுமா?' என்கிறான் அமலதாஸ்.

போன் மறுபடி கத்தியது.
'அந்த ஏணிச் சண்டை ஞாபகம் இருக்கா?'
ரெமிஜியஸ் எங்கள் முகத்தைப் பார்த்தான்.
சொல்வதா, விடுவதா.
காலடியில் ஐஸ் கரைந்து ஓடியது.
'தோத்துட்டான். பெம்புட்டான் உருண்டுட்டான்'
என்று அனுப்பினான்.

உடனே பதில்.
'தெரியும்ல. மறுவாரமே திருப்பிப் போட்டாங்க.
நீங்க கடல்ல கெடந்தீங்க.
வந்ததும் ஜெயிச்சான் ஜெயிச்சான்னு குதிச்சீங்க.
சரி, கெடக்கட்டும்னு விட்டேன்.'

இன்னாசி கட்டையை எடுத்தான்.
இன்னும் ஆறு பாளம் பாக்கி.