சதுரப் பொத்தான்

ரெக்சன் வீட்டு மாடியில் ஒரு பனிமலை.
கயிற்றின் இந்த முனையில் நான்.
அந்த முனையில் ஒருத்தன், பெயர்கூட வைக்கப்படாதவன்,
கீழே, வெள்ளைக்குள்.
சதுரப் பொத்தானை அழுத்து என்கிறது திரை.
அழுத்தினால் கயிறு அறும்.

கன்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டுக்
கட்டன் சாயா குடித்தேன்.
குளச்சல் கோயிலில் மாலைச் செபத்துக்கு
மணி அடித்து ஓய்ந்தது.
திரும்பி வந்தால் அப்படியே தொங்குகிறான்.
பதினொரு நொடிக்கொரு தரம் அதே முனகல்.
விளையாட்டுக்கு அவசரமே இல்லை.
என் கட்டைவிரல் வராமல்
கதை ஓரடி நகராது.
"அமுக்குலே, வெறும் கேமுதானே" என்றான் ரெக்சன்.
அமுக்கினேன்.
உள்ளங்கைக்குள் அது ஒருமுறை துடித்து நின்றது,
தளத்தில் விழுந்த சூரை அடங்குவதுபோல.

அன்றிரவே மார்த்தாண்டத்தில் இரண்டாம் ஆட்டம்.
படத்தில் ஒரு லாரிக்காரன்
பின்னால் பார்க்காமல் வண்டியை எடுக்கிறான்.
நடப்பது அவ்வளவுதான்.
மிச்சம் இரண்டு மணிநேரமும்
டயரைக் கழுவுகிறான், மகளுக்குச் செருப்பு வாங்குகிறான்,
சோற்றைப் பிசைந்து பிசைந்து
உண்ணாமல் எழுகிறான்.
என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.
கடலைப் பொட்டலத்துக்குள் விரல்கள் சும்மா கிடந்தன.
அவன் பிடரியையே பார்த்திருந்தேன்.
திரும்பினால் என் முகமாய் இருக்கும் என்றல்ல,
அப்படியெல்லாம் ஒன்றுமில்லை.
எழ முடியவில்லை.

கருங்கல் தாண்டும்போது
பைக்கை ஓட்டியபடியே கேட்டான்:
"எது மோசம் மக்கா,
செய்ய வைக்கதா, பாக்க வைக்கதா?"
காற்றில் கேட்காததுபோல் இருந்துவிட்டேன்.

புயல் ராத்திரி, வயர்லெஸ்ஸில்
டனிஸ்லாசின் குரல்
எங்கள் படகின் எண்ணைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டது.
எங்கள் எஞ்சினும் இருமிக்கொண்டிருந்தது.
டீசல் அடிமட்டம்.
குமிழைத் திருகிச் சத்தத்தைக் குறைத்தேன்.
அணைக்கவில்லை. குறைத்தேன்.
இதே கட்டைவிரல்.
அழுத்து என்று எங்கும் எழுதி வரவில்லை.
இருட்டில் உட்கார்ந்து பார்க்கவும் ஆளில்லை.
ரெக்சன் அணியத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான்.
அவன் காதில் விழுந்ததா என்று
இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை.

கடலை விட்டபின்
மீனை விலைக்குத்தான் வாங்குகிறேன்.
காலையில் ஏலக்கூடத்து வாசலில்
டனிஸ்லாசின் பெண்சாதி பியூலா
ஐம்பது ரூபாய்க்குச் சாளை எண்ணினாள்.
எண்ணி முடித்து, எப்போதும்போல,
இரண்டு கூடப் போட்டாள்.
வேண்டாம் என்றேன்.
"வச்சுக்கிடும், அவருக்க கூட்டாளியில்லா."

பையில் எங்கோ ஓட்டை.
வீடுவரை சொட்டிக்கொண்டே வந்தது.