சுண்டைக்காய் அளவு

வலங்கைமான் தாலுகா ஆபீஸ் எதிரில்
நகல் எடுத்துக் கொடுக்கிறேன்.
மெஷினுக்குப் பின்னால்
ஒரே ஈட்டில் பொரித்த ஆறு ஃபின்ச் குஞ்சுகள்,
பொம்மைக் கார் ஹாரன் போல
நாளெல்லாம் பீப் பீப்.

முதல் ஐந்து வாரம் எல்லாமே கறுப்பு மூக்கு.
எது அண்ணன் எது தங்கை
எனக்கும் தெரியாது, அதுகளுக்கும் தெரியாது.
ஒரே குச்சியில் ஒட்டி உட்கார்ந்து
ஒன்று சிறகைக் கோதினால் ஆறும் கோதும்.

ஏழாம் வாரம் ஒன்றின் கன்னத்தில்
செங்கல்பொடி தொட்டு வைத்தாற்போல் ஒரு புள்ளி.
கும்பகோணம் மரியசூசைக்கு போன் போட்டேன்.
"கன்னம் சிவந்தா அன்னைக்கே பிரிச்சுடு.
கூடப் பிறந்ததுன்னெல்லாம் அது பார்க்காது.
மூணு மாசத்துல பேரன் எடுத்துடுவே."
அவர் சிரித்தார்.
அவருக்குப் பின்னால் கடை முழுக்கக் கத்தியது.

அன்றைக்கே பிரித்தேன்.
சிவந்தவை இரண்டு இடது கூண்டு,
மீதி நாலும் வலது.
நடுவே ஏ-ஃபோர் தாள் வந்த அட்டை.
கலயம் கிடையாது. தேங்காய்நார் கிடையாது.
அவித்த முட்டை கிடையாது, வெறும் தினை.
ஆறரைக்கு விளக்கணைத்துத் துண்டு போர்த்திவிடுவேன்.

அதுகளின் பூர்வீகம் காய்ந்த பூமியாம்.
எப்போதாவது மழை.
பெய்தால் உடனே ஜோடி, உடனே கூடு.
இங்கே
குடமுருட்டியில் தண்ணீர் வந்த வாரம்
கடைச் சுவரே வேர்க்கிறது,
பின்வாசல் வாய்க்கால் ராத்திரியெல்லாம் பேசுகிறது.
மேட்டூரில் யாரோ திருகிய மதகு
என் வலது கூண்டுக்குள் திறக்குமென்று
நான் கண்டேனா?

அந்த வெள்ளைதான்.
வெள்ளைக்குக் கன்னம் சிவக்காது,
மூக்கைப் பார்க்கணுமாம்: நல்ல சிவப்பென்றால் ஆண்.
என் டியூப்லைட்டில் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றுதான்.
கலர் பிரிண்டுக்கு தினம் சண்டை வருவதும் அதனால்தான்.
ஒருநாள் அது பாடியது.
பெண் பாடாதென்று தெரியாமல்
கை ஓய்ந்து நின்று கேட்டேன்.

தினைக் கிண்ணத்தில் கூடு.
மூடாத குப்பைக்கூடையிலிருந்து
கம்பி வழியே இழுத்த காகிதக் கீற்றுகள்.
ஒன்றில் "மேற்படி இறந்த".
ஒன்றில் "சட்டப்படியான வாரிசுக".
நடுவில்
சுண்டைக்காய் அளவு வெள்ளை முட்டை.

"எடுத்து எறியாதே,"
என்றார் மரியசூசை. இந்த முறை சிரிக்கவில்லை.
"எறிஞ்சா மறுபடி இடும், மறுபடி இடும்,
உடம்புச் சுண்ணாம்பெல்லாம் போயி
கால் மடங்கி விழுந்துடும்.
வேகவை. ஆறவிடு. திரும்ப அடியிலே வை."

டீக்கடை பக்கிரிசாமியிடம் வெந்நீர் கேட்டேன்.
எதுக்கு என்றார். முட்டைக்கு என்றேன்.
டம்ளருக்குள் எட்டிப் பார்த்தவர்
காசு வேண்டாம் என்றார்.

வெந்தது எது, வேகாதது எது என்று தெரிய
பென்சிலால் ஒரு புள்ளி.
நாலு நாள், நாலு டம்ளர், நாலு புள்ளி.
நாலாவது ஆறிக்கொண்டிருக்கும்போது
சந்திரசேகரபுரத்து அம்மாள் ஒருத்தி
வாரிசுச் சான்று நீட்டினாள்.
ஒன்பது பெயரும் தெளிவா விழணும் தம்பி,
ஒருத்தர் விட்டுப்போனாலும் கையெழுத்து ஆகாது.
நிலம் எவ்வளவு?
ஒன்றரை மா.
ஒன்பது நகல் எடுத்துக் கொடுத்தேன்.

வெள்ளையை இடது கூண்டுக்கு மாற்றியாயிற்று.
அட்டைக்கு அந்தப் பக்கமிருந்து அது கூப்பிட
இந்தப் பக்கம் அவள்
எழாமல் பதில் சொன்னாள்.
பதினெட்டாம் நாள் காலை எழுந்தாள்.
தண்ணீர் குடித்தாள், தினை கொறித்தாள்,
குச்சியில் போய்த் தங்கைகளோடு ஒட்டிக்கொண்டாள்.
அவ்வளவுதான்.

முட்டைகளை எடுத்துப் பார்த்தேன்.
நாலிலும் புள்ளி அழிந்திருந்தது.
அத்தனை முறை புரட்டியிருக்கிறாள்.

குப்பைக்கூடைக்கு மூடி வாங்கிவிட்டேன்.
தையில் மேட்டூரை மூடுவார்கள்.
அதுவரை ஆறு மணிக்கே துண்டு.