சுருக்கம் இல்லாத சொல்

நியாயமான சந்தேகம்:
என் இயந்திரத்தில் அது ஒரே அழுத்து.
நான்கு விரல் சேர்ந்து இறங்கினால்
இரண்டு சொல்லும் முழுசாய் விழுந்துவிடும்.
'இடுப்புப் பக்கம் கையைக் கொண்டுபோனார்', ஓர் அழுத்து.
'என் பயிற்சியிலும் அனுபவத்திலும்', ஓர் அழுத்து.
பத்தொன்பது வருஷம்
மில்வாக்கி நீதிமன்றத்தின் நான்காம் மாடியில்
அடிக்கடி காதில் விழுந்ததையெல்லாம்
சுருக்கி வைத்திருக்கிறேன்.
சில நாள், சாட்சி வாய் திறக்குமுன்பே
விரல் போய் அங்கே நின்றுகொண்டிருக்கும்.

அன்று லவெல் திக்பென் வழக்கு.
ஜனவரி, விடியற்காலை ஐந்து மணி,
ஏரிக்குப் போகும் தெரு,
ஒரு கையில் வாளியோடு தனியாய் ஒரு மனிதர்.
காவலர் வோய்டா சொன்னார்:
அந்தப் பகுதியில் கார்க் கண்ணாடி உடைப்பு அதிகம்.
எங்கள் வண்டியைப் பார்த்ததும் நடை வேகமானது.
வலக்கை கோட்டுக்குள் போனது.
மூன்று வாக்கியம். எனக்கு ஐந்து அழுத்து.
டீ ஆறக்கூட நேரமில்லை.

எதிர்த்தரப்பில் அடேலா குவிரோஸ்,
ஒரு காதில் மட்டும் தோடு, மற்றது தொலைந்திருக்க வேண்டும்.
தடவிப் பார்த்தபோது என்ன தட்டுப்பட்டது?
வட்டமாய், சின்னதாய் ஒன்று.
துப்பாக்கி என்று நினைத்தீர்களா?
இல்லை.
கத்தி?
இல்லை.
அப்புறம் ஏன் மூடியைத் திருகினீர்கள்?

ஒன்பது வினாடி.
மௌனத்துக்கு என்னிடம் விசை கிடையாது.
தாளில், கேள்விக்கு அடுத்த வரியிலேயே பதில் வந்து நிற்கும்,
ஒன்பது வினாடியும் நடக்காதது மாதிரி:
"பழக்கத்தில் திறந்துவிட்டேன்."

பிறகு திக்பென் கூண்டேறினார்.
பேருந்துப் பணிமனையில் ஓய்வுபெற்றவர்,
சட்டையின் மேல்பொத்தான்வரை பூட்டியிருந்தார்.
கையை ஏன் கோட்டுக்குள் விட்டீர்கள் என்று கேட்டபோது
பேசவில்லை, செய்து காட்டினார்:
வலக்கை எழுந்து, மெல்ல,
இடது மார்பின்மேல் குவிந்து உட்கார்ந்தது.

அதற்கு மட்டும் எனக்குக் குறுக்கிட அனுமதி உண்டு.
"ஐயா, வாயால் சொல்லுங்கள். கை பதிவாகாது."
அதுவரை அந்த அறையில் யாரும் என்னைப் பார்த்ததில்லை.
அவர் பார்த்தார்.
"புழு, அம்மா. மெழுகுப் புழு, தூண்டிலுக்கு.
வெளிப்பையில் வைத்தால் உறைந்து செத்துவிடும்.
உடம்புச் சூட்டில் வைத்திருந்தேன்."

புழுவுக்குச் சுருக்கம் இல்லை.
எழுத்தெழுத்தாய் அடித்தேன்.

டப்பாவில் மரத்தூளுக்கடியில் இரண்டு மாத்திரை,
மனைவி பெயரில் வாங்கியது, இவர் முதுகுக்கு.
வழக்கு அந்த இரண்டைப் பற்றித்தான்.
பனியில் கொட்டிய இருபத்துநான்கு புழுவை
யாரும் கேட்கவில்லை. அவரே எண்ணிச் சொன்னார்.

நீதிபதி ஹல்வர்சன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
நிறுத்தியது செல்லும், நூலிழையில்.
உடைமேல் தடவியதும் செல்லும்.
ஆயுதமில்லை என்று விரலுக்குத் தெரிந்த அந்தக் கணத்தில்
கை நின்றிருக்க வேண்டும்.
மூடிக்கு வெளியே தொடுவது ஒன்று, உள்ளே பார்ப்பது வேறு.
மாத்திரைகளைச் சாட்சியமாய் ஏற்க முடியாது.
திக்பென் கேட்டார்: "டப்பா கிடைக்குமா?"
கிடைக்கும், கீழ்த்தளத்தில், படிவம் நிரப்பினால்.

இரவு வீட்டில் பிரதியைச் சரிபார்க்க உட்கார்ந்தேன்.
பக்கம் நாற்பத்தொன்று.
கையை ஏன் கோட்டுக்குள் விட்டீர்கள்?
அதன் கீழே, தெளிவாய், பிழையில்லாமல்:
'இடுப்புப் பக்கம் கையைக் கொண்டுபோனார்.'

யாரும் சொல்லவில்லை அதை.
குவிரோஸ் இல்லை, வோய்டா இல்லை.
அவர் கை எழுந்தபோது
அது மார்பில் உட்காருமுன்
என் நான்கு விரலும் இறங்கியிருக்கின்றன.

பேசாததைப் பிரதியில் விடக்கூடாது என்பது விதி.
அழித்தேன்.
கேள்விக்கும் புழுவுக்கும் நடுவே
இப்போது எதுவும் இல்லை.