தரிசன உண்டியல்

நாளைக்கு இருப்பவன் பேரில்
இரண்டு வருஷமாக உண்டியல் எழுதிவந்தேன்.
அவனைக் கேட்கவில்லை.
அவனிடம் என்ன இருப்பு என்று பார்க்கவில்லை.
குழாய்க்கு வாஷர் மாற்றுவதை அவன் பேரில் எழுதினேன்.
பல்லுக்கு டாக்டரைப் பார்ப்பதை அவன் பேரில்.
சேவுகனிடம் போய்
"தப்பு என்னுடையது" என்று சொல்வதையும்.
நல்ல மனுஷன் என்று நம்பியிருந்தேன்,
விடிகாலையில் எழுகிறவன்,
நெஞ்சுரம் உள்ளவன்,
என் முகஜாடை கொஞ்சம் இருக்கும்.

கழனிவாசல் பக்கம், ஆடிட்டர் ஆபீசில்,
பள்ளத்தூர் வீடொன்றின் பாகப் பிரிவினைக்காக
ஒரு தகரப்பெட்டியைத் திறந்தோம்.
பங்குதாரர் முப்பத்தொரு பேர்.
மூன்று கையெழுத்து பாக்கி,
ஆறு வருஷமாக "அடுத்த மாசம்" என்கிறார்கள்.
உள்ளே பாச்சை உருண்டை வாசம்,
நூல் சுற்றிய உண்டியல் கட்டு.
எதிர் மேஜை மெய்யம்மை பிரித்து அடுக்கினாள்:
இது தவணை உண்டியல், அறுபது நாள் கழித்துப் பணம்.
இது தரிசன உண்டியல்.
"தரிசனமா?"
"பார்த்ததும் கொடுத்துடணும் சார்."
தலையைக்கூட நிமிர்த்தவில்லை அவள்.

மத்தியானம் தயிர்சாதத்தின் முன்னால்
எனக்கு வியர்த்தது.
நேற்று எழுதியவனுக்கு
நாளைக்கு இருப்பவன் யார்?
விரலில் ஊறுகாயோடு உட்கார்ந்திருக்கும் இவன்தான்.
அத்தனை உண்டியலும்
இவன் விலாசத்துக்குத்தான் வந்திருக்கின்றன.
முதுகில் கையெழுத்துப் போட்டு
அடுத்தவனுக்கு அனுப்பியிருக்கிறான்.
அந்த அடுத்தவனை யாரும் கண்டதில்லை.
அவனுக்குக் காரைக்குடியில் வீடு கிடையாது.
அவன் பிறக்கவே இல்லை.
பிறக்கிற நொடியில்
என் பல்வலி அவனுக்கு வந்துவிடும்,
என் பயமும்.

காலத்தை
அந்தப் பள்ளத்தூர் வீடு மாதிரி நினைத்திருந்தேன்:
முகப்பில் நின்றால்
நிலைக்குள் நிலையாகப் பின்கட்டு வெளிச்சம் தெரியும்.
தெரிவதாலேயே போய்ச் சேர்ந்த மயக்கம்.
கால் என்னவோ
ஒரு படியைத்தான் தாண்டுகிறது, எப்போதும்.

சாயங்காலம் செக்காலைக்குப் போனேன்.
தைரியம் வந்து போகவில்லை.
வராது என்று தெரிந்ததால் போனேன்.
சேவுகன் கைலியோடு கதவைத் திறந்தான்.
நரைத்திருந்தான்.
நரை மட்டும் தவணை கேட்பதில்லை.
உள்ளே குக்கர் விசில்.
ஜெராக்ஸ் கடைக் கணக்கு, என்று ஆரம்பித்தேன்.
"இப்ப என்ன அவசரம்? மழை வர்ற மாதிரி இருக்கு.
நாளைக்கு வாயேன்."

எத்தனை தித்திப்பான சொல்!
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
இறக்கி வைத்தேன்.
"தப்பு என்னுடையது, சேவுகா."

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
மூன்றாவது விசிலுக்கு உள்ளே போனான்,
அடுப்பை அணைத்துவிட்டு வந்து
இன்னும் நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்தான்.
பார்த்தான், அவ்வளவுதான்.

கணக்கு தீர்ந்ததா, தெரியாது.
வீட்டில் குழாய் சொட்டிக்கொண்டிருக்கிறது,
சம்பை ஊற்றுத் தண்ணீர், வீணாய்.
மணி ஒன்பதேகால்.
வாஷர் விற்கிற கடை
ஒன்பதரைக்குத்தான் மூடும்.