மறுகா

பெட்டியை மூன்றாம் தரமும்
றைஸ் மில் தராசில் ஏற்றினேன்.
இருபத்தாறு கிலோ நானூறு.
இருபத்தைந்துக்கு மேல் ஏற்ற மாட்டார்களாம்.
மில்காரர் தெய்வேந்திரம் சிரிக்கிறார்:
"நெல்லெண்டா ஈரம் கழிக்கலாம் புள்ள,
இதுல எதைக் கழிக்கிற?"

எதைக் கழிக்க.
காத்தான்குடி மஸ்கட் மூன்று பெட்டி,
ஷானாஸின் புருசனுக்கு மருதமுனைச் சாரம்,
வறுத்த கச்சான், காய்ந்த கூனி.
ஏழு பொலித்தீனுக்குள்ளிருந்தும்
வெக்கமில்லாமல் மணக்கிறது அது.
தயிர்ச் சட்டிதான் ஏலாது.
எருமைத்தயிர் எருமைத்தயிர் என்று
எட்டு வருசம் அவளுகளுக்கு வாயால் ஊட்டினேன்.
இந்த முறையும் வாயால்தான்.

செவ்வாய் இரவு பஸ்.
களுவாஞ்சிகுடிச் சந்தியில் ஏறினால்
விடிய முதல் கொழும்பு.
"திரும்பவும் வேலைக்கா அம்மா?" என்கிறான் மகன்.
இல்லடா.
"ஆருக்கும் கலியாணமா?"
இல்ல.
"அப்ப என்னத்துக்கு?"

விசாக் கடதாசியிலும் அதே கேள்வி.
ஏஜென்சிப் பெடியன் 'சுற்றுலா' என்று அடித்தான்.
இர்பித்தில் எட்டு வருசம் இருந்தும்
பழங்காலத் தூண் ஒன்றையும்
கிட்டப் போய்ப் பார்த்தவளில்லை நான்.
பார்த்தது பதினாலாம் லைன்.
ஷானாஸ் கொலர், சபிதா பட்டன்,
தம்மிகா கை, நான் பொக்கெட்.
எங்கள் நாலு பேரின் விரலும் படாமல்
ஒரு சேர்ட்டும் அந்த லைனைத் தாண்டிப் போகவில்லை.

பொதுப் பாஷை என்று ஒன்று இருக்கவில்லை.
ஊசி, நூல், தலையிடி, சம்பளம்,
அரபியில் பத்துச் சொல்.
என்னிடமிருந்து அவளுகள் எடுத்தது ஒன்றேதான்:
கதைக்குக் கதை நான் கேட்கும் 'மறுகா'.
சபிதா அதைப் 'போயிட்டு வாறன்' என்று விளங்கிக்கொண்டாள்.
ஷானாஸ், 'இன்னும் கொஞ்சம் சோறு போடு' என்று.
நான் திருத்தவில்லை.
ஹொஸ்டல் வாசலிலும் சாப்பாட்டு மேசையிலும்
எங்கட ஊர்ச் சொல்
தன்பாட்டில் வேலை பார்த்தது.

அந்த வைகாசியில்
தம்மிகா பாற்சோறு கிண்டினாள்.
வாழையிலை இல்லை, பற்றன் வெட்டும் மட்டையில்
சதுரம் சதுரமாய் வெட்டி
கட்டில் கட்டிலாய்க் கொடுத்துக்கொண்டு வந்தாள்.
என் அண்ணன் வன்னியில்.
பதினேழு நாளாய் ஒரு போனும் இல்லை.
நீட்டிய மட்டையை நான் பார்த்தேன்.
அவள் என் முகத்தைப் பார்த்தாள்.
பிறகு மட்டை திரும்பிப் போனது.

அதன் மேல் மூன்று வருசம்
அவள் கை தைத்தாள், நான் பொக்கெட் தைத்தேன்.
கதை இல்லை.
எனக்குக் காய்ச்சல் வந்த இரவு
மல்லி அவித்துத் தலைமாட்டில் வைத்துவிட்டு
விளக்கை அணைத்தாளே,
அப்போதும் இல்லை.

ஷானாஸ் இப்போது அங்கேயே தையல் கடை போட்டிருக்கிறாள்.
சபிதா காத்மாண்டுவிலிருந்து வருகிறாள்,
இரண்டு முழங்காலும் போச்சு என்று சிரித்துக்கொண்டு.
தம்மிகாவுக்கு நான் அறிவிக்கவில்லை.
ஷானாஸ் அறிவித்திருக்கிறாள்.

போன கிழமை மொனராகலையிலிருந்து ஒரு குரல் பதிவு.
பின்னால் சேவல், மழை.
சிங்களத்தில் சொல்கிறாள்:
அதே பிளேனில்தான் நானும்,
யன்னல் சீட்டை உனக்கு எடுத்திருக்கிறேன்,
நீதான் சத்தி எடுப்பாயே.
கொஞ்ச நேரம் மழை மட்டும் கேட்கிறது.
அப்புறம், 'மறுகா'.

பதினொரு தரம் கேட்டுவிட்டேன்.
போயிட்டு வாறன் என்கிறாளா,
சோறு கேட்கிறாளா,
இல்லை, சொல்லின் சரியான கருத்து
அவளுக்கு மட்டும் அன்றைக்கே தெரிந்திருந்ததா?

என் சட்டை இரண்டை உருவி வெளியே வைத்தேன்.
"கூனிய எடுங்களன், அதுதானே நாறுது" என்கிறார் தெய்வேந்திரம்.
அது கிடக்கட்டும். அவளுக்குப் பிடிக்கும்.
முள்ளு ஆடி ஆடி நிற்கிறது,
இன்னும் அரைக் கிலோ கூட.
பரவாயில்லை,
தம்மிகாவின் பெட்டியில் இடமிருக்கும்.