வேலியோரச் செடி

கொரின் கேட்டிருந்தது இவ்வளவுதான்:
"வேலியோரச் செடி இன்னும் இருக்கிறதா?"
என்னைப் பற்றி ஒன்றுமில்லை.

இருக்கிறது.
டூவூம்பாவின் செம்மண்ணில்
நெஞ்சளவு வளர்ந்து
செப்டம்பர் முழுக்கப் பூத்துக்கொட்டுகிறது.
முதல் நாள் கத்தரிப்பூ நிறம்,
மறுநாள் வெளிறிய ஊதா,
அதற்கடுத்த நாள் வெள்ளை.
ஒரே கிளையில் மூன்றும்.
அதனால் இந்த ஊரில் அதற்குப் பெயரே
நேற்று, இன்று, நாளை.
எந்த நிறம் நேற்று, எந்த நிறம் நாளை என்று
நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம்,
நிஜமாகவே, சூப் ஆறும்வரை.

வாங்கியபோது தொட்டியில் செருகியிருந்த அட்டையில்
வெயில் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்றிருந்தது.
நாயைப் பற்றி இல்லை.
அப்போது எங்களிடம் நாயும் இல்லை.

டப்பென்ஸ் பிறகு வந்தாள்.
ஆட்டுப்பண்ணைக்கு லாயக்கில்லை என்று
டால்பியில் ஒருவர் கழித்துக்கட்டிய கெல்ப்பி.
ஆட்டைத் தவிர எல்லாவற்றையும் மேய்ப்பாள்.
மேய்வாள் என்றும் சொல்லலாம்:
என் இடது செருப்பு, ரிமோட்டின் நான்கு பொத்தான்கள்,
ஒரு முழு சோப்பு.
அந்தச் செடியை மட்டும்
ஐந்து வருடத்தில் முகர்ந்துகூடப் பார்த்ததில்லை.

இப்போது ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி வருகிறாள்.
கோர்ட் இல்லை, காகிதம் இல்லை.
கார் கதவு திறக்கும், குதிப்பாள்.
கொரின் இறங்கமாட்டாள்.

கால்நடை மருத்துவமனைக்குப் போன் போட்டேன்.
ப்ராவ்ஸ் என்றொரு டாக்டர் பேசினார்.
இலை, பூ, பட்டை எதுவுமே ஆகாது,
விதைதான் ரொம்ப மோசம்,
நடுங்கும், பிறகு வலிப்பு வரும்,
சிலசமயம் நாள்கணக்கில் விடாது.
"ஐந்து வருடமாகத் தொடவில்லையே."
"தொடவில்லை என்றால்
இதுவரை தொடவில்லை என்றுதான் அர்த்தம்."
வேறெதற்கோ
கொரினும் ஒருமுறை இதையே சொன்னாள்.

வியாழன் மாலை மண்வெட்டியை எடுத்தேன்.
வாசம் தூக்கலாக இருக்கிற நேரம்.
முழங்கால் ஆழம் போயும் வேர் அசையவில்லை.
கடப்பாரை போட்டு நெம்பினேன்.
வேலிக்கு மேலே டெஸ்மண்டின் தொப்பி தெரிந்தது.
"நல்ல செடியாச்சே."
"நாய்க்கு ஆகாதாம்."
"நாய்தான் கொரினோடு போய்விட்டதே?"
நான் தோண்டினேன்.

பச்சைத் தொட்டியின் மூடி சரியாக மூடவில்லை.
மூன்று நாட்களும் விளிம்பில் பிதுங்கி நின்றன.
ஒரு விதைகூட இருக்கக்கூடாதென்று
டார்ச்சோடு மண்டியிட்டு மண்ணைச் சலித்தேன்.
கிடைத்தவை:
போன வருடத்துக் காய்கள் பதினொன்று,
யாருடையதோ ஒரு கோலிக்குண்டு,
நான்தான் தொலைத்தேன் என்று
கொரின் கடைசிவரை சாதித்த வெள்ளி ஸ்பூன்.

வெள்ளி மாலை டப்பென்ஸ் ஓடிவந்தாள்,
என்னைத் தாண்டி, நேராகக் குழிக்கு.
மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்தாள்.
அளவெடுத்துத் தோண்டியதுபோல் இருந்தது.
மூக்கெல்லாம் சிவப்பு.
கொரின் இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
இறங்கவில்லை.
ஸ்பூன் என் சட்டைப்பையில்தான் இருந்தது.
நானும் கொடுக்கவில்லை.

நவம்பரில் குழியோரம் ஒரு துளிர்.
எந்த வேர்த்துண்டு மிச்சமிருந்ததோ.
கிள்ளினேன்.
இரண்டு வாரம் கழித்து மறுபடி.
அவள் வருகிற வெள்ளிகளில்
ஐந்தரைக்கே கிள்ளிவிட்டு,
கையைச் சோப்புப் போட்டுக் கழுவி,
முகர்ந்து பார்த்து,
இன்னொரு தடவை கழுவிவிட்டுத்தான்
கேட்டைத் திறக்கிறேன்.