கலைமான் கொம்பு

படம் பார்த்தவர்கள் எழுதிவிட்டார்கள்:
மூளையுறைக் கட்டி, வழக்கமானதுதான்.

ஓவுலுவில் நவம்பர். மூன்றரைக்கே இருட்டு.
கண்ணாடித் தகட்டில் தாவெத்தி,
பேருந்து ஓட்டுநர்.
சாலையின் இடப்பாதி
சில மாதங்களாக அவருக்கு இல்லை;
அங்கிருந்து வந்த மானும் இல்லை,
மோதும்வரை.

நுண்ணோக்கியைக் குவிக்கிறேன்.
வழக்கமான சுழிகள் எங்கே?
இரத்தக் குழாய்கள்
கிளைகிளையாய் விரிந்து கிடக்கின்றன,
கலைமான் கொம்பு.

யாரிடமும் சொல்லவில்லை.
இன்னொரு சாயம் கேட்டேன்.
மறுநாள்
உட்கரு அத்தனையும் பழுப்பு.

அபூர்வம் என்றதும்
ஹில்கா மாணவர்களைக் கூட்டிவந்தாள்.
அழகு என்றார்கள்.
நானும்தான் சொன்னேன்.

பத்தாண்டு கழித்தும் திரும்பி வரக்கூடியது.
அறிக்கையில் அதற்கு ஒரு வரி.
எழுதிவிட்டு
இடப்பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்,
ஜன்னல்தான்.